மூன்றாம் மாடிக்கு மேலே ஒரு மலை

அப்துல் பாரி தெருவில் நின்று, வீட்டு பால்கனியிலிருந்து தொங்கிய நீலக் கயிற்றை இரண்டு தடவை இழுத்தார். ஐந்தாம் மாடியில் மணி அடித்தது. அவர் மனைவி கரீமா கயிற்றை மேலே இழுத்து, நுனிக் கிளிப்பில் தொங்கிய பையிலிருந்து நான்பியா ரொட்டியையும் அவித்த பட்டாணியையும் எடுத்துத் தட்டில் வைத்தாள். க்யிம்யிண்டைங் படகுத்துறைச் சந்தையில் கயிறு விற்றவர் அவர். நெஞ்சிளைப்பு வந்த பிறகு சுமையைக் கயிற்றில் அனுப்பிவிட்டு, வெறுங்கையோடு நின்று நின்று படியேறுவார். "மச்சான், தேத்தண்ணி ஆறுது" என்று அவள் படிக்கட்டில் எட்டிக் குரல் கொடுத்தால், "ஆறட்டும், ஊதுற வேலை மிச்சம்" என்று கீழிருந்து பதில் வரும். அன்றைக்குப் பதில் வரவில்லை. மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவிலுள்ள திருப்பத்தில், சுவரைப் பார்த்து உட்கார்ந்தபடி அவர் இறந்திருந்தார்.

அந்த வருஷம் டிசம்பரில் அதே திருப்பத்தில் ஒரு மலை வந்தது. கரீமாவுக்கு மட்டும் வந்தது. மற்றவர்கள் எப்போதும்போல ஒரு மூச்சில் ஏறிப் போனார்கள். அவள் கால் வைத்தால் சுவர் விலகி, மரமே இல்லாத புல்மேடு விரியும். பழுத்த புல், சொதசொதவென்ற கறுப்பு மண், காதை அறுக்கும் காற்று, தூரத்தை மறைக்கும் மூடுபனி. ஆள் நடமாட்டம் கிடையாது. விடியலில் சுபுஹு தொழுதுவிட்டுச் சந்தைக்குப் போய்த் திரும்பினால், நான்காம் மாடி வருவதற்குள் மத்தியான லுஹர் பாங்கு கேட்டுவிடும். குளிர் போனதும் மலையும் போகும். அடுத்த டிசம்பரில் திரும்ப வரும்.

முதலில் துக்கம் தலைக்கேறிவிட்டது என்றுதான் பேசிக்கொண்டார்கள். ஆனால் சேறு பொய் சொல்லவில்லை. "கரீமாக்கா, மலையில நடக்குறது உங்க இஷ்டம். செருப்பை என் வாசல்லயா தட்டணும்?" என்றாள் நான்காம் மாடி அம்சவேணி. மறு வருஷம் அவளே வாசலில் ஒரு சாக்கை விரித்து, பக்கத்தில் இஞ்சித் தேநீர் பிளாஸ்க்கும் வைத்தாள். மூன்றாம் மாடி இக்பால், வழியில் காளான் கிடைத்தால் பறித்து வரச் சொன்னார். கிடைத்தது. குழம்பு நன்றாயிருந்ததாகச் சொன்னார்.

கரீமாவுக்கு ஒரே ஒரு விஷயம் தெரியவேண்டியிருந்தது. கடைசியாக அந்த மனுஷன் கண்ணில் பட்டது பாசி பிடித்த அந்தச் சுவர் மட்டும்தானா? இதை அவள் யாரிடமும் கேட்கவில்லை. நடந்தாள். புல்லில் யாரோ முன்னால் போன தடம் மெல்லியதாகத் தெரியும். உச்சி நெருங்குவதற்குள் பனி அதை மூடிவிடும்.

மகன் நியாஸ், நகரின் இன்னொரு பக்கமுள்ள தாக்கேட்டாவில் தரைவீடு பார்த்துவிட்டு வந்தான். "படியே இல்லை உம்மா. வாசல்லேருந்து நேரே கட்டிலுக்குப் போகலாம்."

"படி இல்லாத வீட்டுக்கு உங்க வாப்பா எப்படிடா ஏறி வருவாரு?"

"சரி, இந்தக் குளிரோட இந்த வீட்டை முடிச்சுக்குவோம்" என்றான். அவனுக்கு அம்மாவின் முட்டி வலிதான் தெரியும். போன ஜனவரியில் ஒரு நாள் அவளோடு சேர்ந்தே படியேறினான். அவன் நான்காம் மாடிக்கு வந்து திரும்பிப் பார்த்தபோது பின்னால் யாருமில்லை. அம்சவேணி நாற்காலி போட்டாள். உட்கார்ந்திருந்தான்.

அன்று மலையில் பனி விலகியது. தடத்தைப் பிடித்துக்கொண்டே போன கரீமா, உச்சிக்குச் சற்றுக் கீழே ஒரு பாறையைக் கண்டாள். அதன் ஓரத்துப் புல், ஆள் உட்கார்ந்து எழுந்ததுபோலப் படிந்திருந்தது. நீல நூல் பிசிறு ஒன்று அதில் ஒட்டியிருந்தது. அவள் அங்கேயே உட்கார்ந்து, அவர் பார்த்திருக்கக்கூடிய திசையில் பார்த்தாள். புல்மேட்டுக்கு அப்பால், தெளிவாக, அவர்களுடைய பச்சைக் கதவு. திறந்திருந்தது. உள்ளே விளக்கு எரிந்தது. மேசையில் தேநீர்க் கோப்பையிலிருந்து ஆவி எழும்புவதுகூடத் தெரிந்தது. கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லி, முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

அவள் வந்தபோது நியாஸ் நாற்காலியிலிருந்து எழுந்தான். முக்காட்டில் ஒட்டியிருந்த புல்லை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டான். சாயங்காலம் வீட்டுக்காரரிடம் போய், இன்னும் ஒரு வருஷத்துக்கு உம்மா இங்கேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு வந்தான்.

இந்த டிசம்பரிலும் மலை வந்தது. அவள் இப்போது அவசரப்படுவதில்லை. பாறையில் உட்கார்ந்து கதவைப் பார்த்துவிட்டுத்தான் ஏறுகிறாள். சந்தைக்குப் போகாத நாட்களில் ரொட்டிக்கடை இப்ராஹிம் பையைக் கிளிப்பில் மாட்டிக் கயிற்றை இழுக்கிறார். இரண்டு தடவை. பையில் இரண்டு பேருக்கான ரொட்டி இருக்கும். குறைக்கும்படி அவளும் சொல்லவில்லை.