ஒரு தரம்

மாமனார் காய்கறி மண்டியில் ஏலம் விட்டவர். அவர் "ஒரு தரம்" என்று ஆரம்பித்தால் தெருக்கோடி வரை கேட்கும். "மூணு தரம்" சொல்லி, விரல் முட்டியால் பலகையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டால் அவ்வளவுதான். அப்புறம் ஆண்டவனே இறங்கி வந்தாலும் விலை மாறாது.

அந்தத் தொண்டையில்தான் கட்டி வந்தது. குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். ஆபரேஷனுக்கு முன், மகளின் பிடிவாதத்தால், அறைக்கதவைச் சாத்திக்கொண்டு நூற்றுக்கணக்கான வாக்கியங்களைப் படித்து வீட்டுப் பழைய கணினியில் பதிவு செய்திருந்தார். அதை வைத்து, அவர் தட்டச்சு செய்வதையெல்லாம் அவர் குரலிலேயே பேச ஒரு மென்பொருள் புதுக் கணினியில் தயாராக இருந்தது. ஒரு முறை படித்தாலே போதும் என்றார்கள். தொழில்புத்தி விடுமா? மூன்று தரம் படித்து, மூன்று ஃபோல்டராகப் போட்டுவைத்தார்.

அதைப் புதுக் கணினிக்கு மாற்றும் பொறுப்பு மாப்பிள்ளையுடையது. ஆபீஸ்களுக்கு நெட்வொர்க் போட்டுக் கொடுப்பதுதான் அவன் பிழைப்பு. "அதுக்கென்ன மாமா, அஞ்சு நிமிஷ வேலை" என்று நாளைக் கடத்தினான். இன்று காலை பழைய கணினியின் வயிற்றுக்குள் டொக், டொக் என்று கேட்டது. ஹார்ட் டிஸ்க் சாகப் போகும் சத்தம்.

பென் டிரைவைச் செருகினால் பழைய கணினி கண்டுகொள்ளவே இல்லை. வைஃபை அதற்குப் பிறவியிலேயே கிடையாது. அணைத்து டிஸ்க்கைக் கழற்றலாம் என்றால், ஒருமுறை நின்றது மறுபடி சுற்றுமா என்று பயம். மிச்சம் ஒரே வழி, இரண்டுக்கும் நடுவே நேராக ஒரு கேபிள்.

செருகினான். இரண்டு பக்கமும் பச்சை விளக்கு எரிந்தது. ஆனால் ஒன்றுக்கொன்று தெரியவில்லை.

"என்ன மாப்பிள்ளை, ஆச்சா?" மாமியார் வாசற்படியிலிருந்து கேட்டார்.

"இதோ ஆச்சு அத்தை."

ஆகவில்லை. மாமனார் பக்கத்து நாற்காலியில், கழுத்துத் துணியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். கத்தித் தொலைத்தாலாவது தேவலை என்றிருந்தது அவனுக்கு. மறுபடி பார்த்தபோதுதான் தெரிந்தது: பதற்றத்தில் இரண்டு கணினிக்கும் ஒரே ஐபி எண்ணைக் கொடுத்திருக்கிறான். இரண்டு வீட்டுக்கு ஒரே கதவிலக்கம். வேலைக்கு வந்த முதல் வாரத்தில்கூட அவன் செய்யாத தப்பு. மாற்றினான். ஃபோல்டர்கள் தெரிந்தன.

எதையாவது விட்டுவிட்டான் என்ற பேர் வரக்கூடாதென்று மூன்றையும் ஒன்றாக இழுத்துப் போட்டான். பச்சைக் கோடு ஊர்ந்தது. டொக். நின்றது. மூன்று பேரும் மூச்சை அடக்கிக்கொண்டார்கள். மறுபடி ஊர்ந்தது. டொக், டொக். ஒரு கீச்சொலி. பிறகு சத்தமே இல்லை. பழைய திரை நீலமாகிவிட்டது.

உயிர் போய் உயிர் வந்தது என்பார்களே, அவனுக்குப் போனது திரும்பவில்லை. புதுக் கணினியில் தேடினான். முதல் ஃபோல்டர் முழுசாக வந்திருந்தது. இரண்டாவதில் ஏதோ கொஞ்சம். மூன்றாவது காலி.

"ஒண்ணு வந்துருக்கு மாமா. ஒண்ணே போதும்னுதானே சொன்னாங்க" என்று மென்று விழுங்கினான்.

மாமனார் முகம் வெளிறியது. வேண்டாம் என்று கையை ஆட்டினார். அதற்குள் அவன் மென்பொருளை ஓட்டிவிட்டான். சோதனைக்காக அதுவே ஒரு வாக்கியம் பேசியது.

"வணக்கம். நான் நல்லா இருக்கேன்."

அவர் குரல்தான். ஆனால் அது நடுங்கியது. சொல்லுக்குச் சொல் தொண்டை அடைத்து, அழுகையை விழுங்கிக்கொண்டு வந்தது. மண்டியை அதிரவைத்தவர், முதல் தரம் படிக்கும்போது தனியாகப் பயந்து நடுங்கியிருக்கிறார். போகப் போகத் தேறி, மூன்றாவதில்தான் பழைய ஆளாக முழங்கியிருப்பார். முழங்கியது போய்விட்டது. இனி சாகும்வரை இந்தக் குரல்தான்.

மாமியார் உள்ளே வந்தார். "ஆபரேஷனுக்குப் போறப்பகூட டாக்டர்கிட்ட பேரம் பேசினீங்க. இவ்வளவு பயத்த எங்க வச்சிருந்தீங்க? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

அவர் தலை நிமிராமல் தட்டச்சு செய்தார்.

"சொன்னா நீ அழுவே" என்றது நடுங்கும் குரல்.

மாமியார் அழுதார். மாப்பிள்ளைக்குத் தாங்கவில்லை. "டிஸ்க்க கடையில குடுத்துப் பாக்கலாம் மாமா. மூணாவத மீட்டுடலாம்."

"வேண்டாம் மாப்பிள்ளை. அந்த அதட்டலத்தான் இத்தன வருஷமா கேட்டேனே. எனக்கு இதுவே போதும்" என்றார் மாமியார்.

மாமனார் மனைவியின் முகத்தையே பார்த்தார். வேறு கேட்பார் உண்டா என்று மண்டியில் பார்ப்பதுபோல மாப்பிள்ளையையும் ஒருமுறை பார்த்தார். பிறகு விரல் முட்டியால் மேசையில் ஒரு தட்டுத் தட்டினார்.