வாசலில் கூப்பிட்ட பெயர்

அலாரம் அடிப்பதற்கு முன்பே ரோனன் எழுந்துவிட்டான். ஓட்ஸ் கஞ்சி வைத்து, நின்றபடியே பாத்திரத்திலிருந்து சாப்பிட்டான். சவரம் செய்தான். ஹீட்டர் மேல் காயப்போட்டிருந்த வெள்ளைக் கழுத்துப்பட்டையைத் தேய்த்தான். ஒரு ஓரம் மஞ்சளாகவே இருந்தது. அதையே கட்டிக்கொண்டான். வக்கீல் கவுனைப் பையில் திணித்துக்கொண்டு லிஃபி ஆற்றங்கரையோடு நீதிமன்றத்துக்கு நடந்தான். மழை பெய்தது. குடை எடுக்கவில்லை.

அன்று லோர்கன் ஸ்கேலி நீதிபதியாகப் பதவியேற்கும் நாள். ஜூனியர் வக்கீல்கள் சார்பில் ரோனன் வாழ்த்திப் பேச வேண்டும். ஸ்கேலியே கேட்டுச் செய்துகொண்ட ஏற்பாடு. ரோனனின் மனைவி ஏமர், ஸ்கேலியின் முதல் ஜூனியர். மார்ச்சில் இறந்துபோனாள். செத்துப்போன ஜூனியரின் கணவன் எழுந்து நின்று வாழ்த்தினால் பார்க்க நன்றாக இருக்கும்.

ஸ்கேலி முன்னுக்கு வந்த கதை பெரிதல்ல. டப்ளினில் வக்கீல்களுக்குத் தனி ஆபீஸ் கிடையாது. நூலகக் கூடத்தில் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்திருப்பார்கள். கேஸ் கொண்டுவரும் சொலிசிட்டர் வாசலில் பெயர் சொல்வார், அல்லது ஃபோனில் கேட்பார். வாசல்காரர் அந்தப் பெயரைக் கூடம் அதிரக் கூப்பிடுவார். யார் பெயர் அடிக்கடி கேட்கிறதோ அவர் பெரிய வக்கீல். ஸ்கேலியின் பெயரை யாரும் கேட்கவில்லை.

ஏமர் வந்து சேர்ந்தாள். முதல் வருஷம் ஜூனியருக்குச் சம்பளம் கிடையாது, சீனியரிடம் தொழில் கற்க வேண்டும். ஸ்கேலி அவளைத் தெருமுனை ஃபோன் பூத்துக்கு அனுப்பினார். அவளுக்கு எந்தக் குரலும் வரும். காலையில் கார்க் ஊர் சொலிசிட்டராகவும் மதியம் டனகால் ஊர்க் குமாஸ்தாவாகவும் பேசி ஸ்கேலியைக் கேட்பாள். "மிஸ்டர் ஸ்கேலி!" என்று வாசல்காரர் கூப்பிடுவார். ஸ்கேலி உடனே எழமாட்டார். இரண்டாம் முறை கூப்பிட்ட பிறகு கவுனை வாரிக்கொண்டு ஓடுவார். வெளியே ஒரு சிகரெட் பிடித்துவிட்டுக் களைத்த முகத்தோடு திரும்புவார்.

ஏமர் வீட்டில் அதை நடித்துக் காட்டுவாள். "மூஞ்சியைப் பாக்கணும்டா நீ. தூக்குக் கைதியைக் காப்பாத்திட்டு வர்ற மாதிரி!"

கேட்டுக் கேட்டு ஊர் நம்பிவிட்டது. கேஸ்கள் வந்தன. வாதங்களை அவள் எழுதினாள், கோர்ட்டில் அவர் வாசித்தார். நீதிபதிகளை நியமிப்பது மந்திரிசபை என்பதால், பிறகு சாவு வீடுகளுக்குப் போக ஆரம்பித்தார். எந்த மந்திரியின் மாமியார் செத்தாலும் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் ஸ்கேலி நிற்பார். ஏமரின் அடக்கத்துக்கும் வந்தார். மந்திரி யாரும் வரவில்லை என்று தெரிந்ததும் கிளம்பிவிட்டார்.

நீதிமன்றத்தில், கவுன் மாற்றும் அறையில் ஸ்கேலி ரோனனை ஓரமாக இழுத்தார்.

"வா தம்பி. இளைச்சிட்டியே. சாப்பிடறியா?"

"சாப்பிடறேன் சார்."

"என் பேச்சுல ஏமரைப் பத்தி ரெண்டு வரி வருது. ஆஸ்பத்திரில கடைசியா சொன்னாளே, 'லோர்கன் சார் ஜட்ஜ் ஆகணும், அதான் என் ஆசை'ன்னு."

"அவ அப்படிச் சொல்லல சார்."

"சொல்லாட்டி என்னப்பா? மனசுல நினைச்சிருப்பா."

"நான் பக்கத்துலதான் இருந்தேன்."

"அதனாலதான் உன்னைப் பேசச் சொன்னேன். 'ஆமா, நானும் கேட்டேன்'னு ஒரு வார்த்தை. போதும்." குரலைத் தாழ்த்தினார். "அடுத்த வாரம் உன் கேஸ் என் முன்னாலதான் வருது. ஞாபகம் இருக்குல்ல?"

அவள் குரல்களை எல்லாம் இந்த ஆள் ஏற்கெனவே எடுத்துக்கொண்டாயிற்று. ரோனனிடம் மிஞ்சியிருந்தது அவள் கடைசியாகப் பேசியது மட்டும்தான். அதற்கும் இப்போது கை நீள்கிறது.

வழக்கமாகப் புது நீதிபதி கடைசியில்தான் பேசுவார். அன்று ஸ்கேலி வரிசையை மாற்றியிருந்தார். முதலில் அவர் கதை சொல்வார், பிறகு ரோனன் சாட்சி சொல்வான். உறுதிமொழி எடுத்தார். பேசினார். ஏமரின் ஆசை என்ற இடம் வந்ததும் நிறுத்தி, கைக்குட்டையால் கண்ணைத் துடைத்தார்.

"தண்ணியே வரலியேடா," என்று பக்கத்திலிருந்த டோனல் முணுமுணுத்தான். "எதைத் துடைக்கிறாரு?"

ரோனன் பெயரைச் சொன்னார்கள். எழுந்தான். பின்வரிசையில் வாசல்காரர் புதுக் கோட்டில் உட்கார்ந்திருந்தார்.

"மை லார்ட், என் மனைவி கடைசியா பேசினது உங்களைப் பத்தித்தான். அது நிஜம்."

ஸ்கேலி தலையைச் சாய்த்துப் புன்னகைத்தார்.

"ஆனா வார்த்தை அது இல்ல. அன்னிக்கு நீங்க ஆஸ்பத்திரி ரூம் வாசல்ல நின்னு, ஒரு மந்திரியோட அண்ணன்கிட்ட இந்தப் பதவிக்காகப் பேசிட்டிருந்தீங்க. உள்ள வரல. ரொம்ப நேரம் சத்தமாப் பேசினீங்க. அவ கண்ணைத் திறந்தா. நூலக வாசல்ல கூப்பிடுவாங்களே, அந்தக் குரல்ல சொன்னா."

புன்னகை அப்படியே நின்றது. டோனல் குனிந்துகொண்டான். அடுத்த வாரத்துக் கேஸ் போய்விட்டது என்று ரோனனுக்குத் தெரிந்தது. அவனுக்குக் குரல் மாற்ற வராது. தன் குரலிலேயே, அவள் சொன்னபடி சொன்னான்.

"மிஸ்டர் ஸ்கேலி! உங்களைக் கேட்டு யாரும் வரல."