விடை தெரிந்த சொல்

அந்தச் சொல் காதில் விழுந்ததும் துர்காவுக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். அப்பாவின் கட்டிலைச் சுற்றி நின்ற பயிற்சி டாக்டர்களிடம் பெரிய டாக்டர் ஆங்கிலத்தில் வேகமாகப் பேசிக்கொண்டிருந்தார். பாதிக்கு மேல் புரியவில்லை. நடுவில் ‘பேலியேட்டிவ்’ என்றார். தெரியாத கூட்டத்துக்குள் தெரிந்த முகம் ஒன்று தலை நீட்டியது போலிருந்தது. போன தேர்வில் அவள் தவறவிட்ட சொல் அது. அந்த ஆத்திரத்தில் விடாமல் படித்து மண்டையில் ஏற்றிய சொல். வகுப்பில் விடை தெரிந்த பிள்ளை கை தூக்கத் துடிப்பதைப் போல ஒரு கணம் உள்ளுக்குள் துள்ளியது. அதற்குப் பிறகுதான் அர்த்தம் வந்து சேர்ந்தது.

நோயைத் தீர்க்காமல் நோவை மட்டும் தணிக்கிற.

அவள் அப்பாவைப் பார்த்தாள். கன்னியப்பன் மேலே மின்விசிறியைப் பார்த்தபடி படுத்திருந்தார். அம்மா பார்வதி கால்மாட்டில் நின்று, டாக்டரின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். டாக்டர் அவள் பக்கம் திரும்பித் தமிழில் பேசினார்.

“வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்கம்மா. வலிக்கு மாத்திரை எழுதியிருக்கேன், நேரத்துக்குக் குடுங்க. அவருக்கு என்ன பிடிக்குதோ சாப்பிடட்டும். நல்லா பாத்துக்கங்க.”

அவர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு துர்காவின் அருகில் வந்தாள்.

“வீட்டுக்கு அனுப்புறாங்கன்னா தேவலாம்னுதான அர்த்தம்? பிடிச்சத சாப்பிடலாம்ன்றாரு.”

பல நாளாகச் சரியாகத் தூங்காத கண்கள். அந்தக் கண்களைப் பார்த்து வேறு எதையும் சொல்ல துர்காவுக்கு நா எழவில்லை.

“ஆமாம்மா,” என்றாள்.

சாரம் பகுதியில் அவர்கள் இருந்தது ஒரு சந்தின் கடைசி வீடு. கன்னியப்பன் மில்லில் வேலை பார்த்தவர். மில்லை மூடிய பிறகு ரெட்டியார்பாளையத்தில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்புக்கு வாட்ச்மேனாகப் போனார். அம்மா தூமா வீதியில் ஒரு விருந்தினர் விடுதியில் படுக்கை விரிப்புகளைத் துவைத்து மடிக்கிற வேலைக்குப் போய்வந்தாள். துர்கா கூரியர் ஆபீசில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து முகவரிகளை அடித்தாள். அதோடு மத்திய அரசு வேலைக்கான தேர்வும் எழுதிக்கொண்டிருந்தாள். கணக்கில் தேறிவிடுவாள், ஆங்கிலத்தில்தான் ஒவ்வொரு முறையும் வழுக்கி விழுவாள். யாரும் பேசாத, எந்தக் கடைப் பலகையிலும் இல்லாத சொற்களாகப் பார்த்துப் பொறுக்கியெடுத்துக் கேட்டார்கள். அவளுக்கு வயது வரம்பு முடிய இந்த ஒரு முறைதான் பாக்கி.

சொற்களைக் கேட்கிற வேலை அப்பாவுடையது. புத்தகத்தில் ஆங்கிலச் சொல்லும் பக்கத்தில் தமிழ் அர்த்தமும் இருக்கும். அவருக்கு ஆங்கிலம் படிக்க வராது. தமிழ் அர்த்தத்தை உரக்கப் படிப்பார். அவள் ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். இரவு வேலைக்குக் கிளம்புமுன் சட்டையை மாட்டிக்கொண்டு, வாசற்படியில் உட்கார்ந்து கேட்பார். கேட்டுக் கேட்டு அந்த ஓசைகள் அவருக்கும் படிந்துவிட்டன. அவள் தடுமாறினால், “போன தடவ வேற என்னமோ சொன்னியே, இது அது இல்லையே,” என்பார். பெரும்பாலும் அவர் சொல்வது சரியாகவே இருக்கும்.

வீட்டுக்கு வந்த பிறகு துர்காவின் ‘ஆமாம்மா’ தானாக வளரத் தொடங்கியது. பக்கத்து வீட்டு வசந்தா வந்து விசாரித்தபோது அம்மா, “வயித்துக் கட்டி கரையிறதுக்கு மாத்திரை குடுத்திருக்காங்கக்கா. கொஞ்சம் கொஞ்சமாத்தான் கரையுமாம்,” என்றாள். அப்படி யாரும் சொல்லவில்லை. சொன்னதாக அம்மா உண்மையாகவே நம்பினாள். துர்கா உள்ளே மாத்திரை அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டபடி நின்றாள்.

குணமாகிக்கொண்டிருக்கும் மனுஷன் ஏன் சாப்பிட மாட்டேன் என்கிறார், ஏன் எழுந்து உட்கார மாட்டேன் என்கிறார் என்பதுதான் அம்மாவுக்குப் புரியவில்லை. புரியாதது கோபமாயிற்று.

“யோவ், எழுந்திரு. படுத்தே கெடந்தா எப்பிடி சரியாவும்? எதுத்த வூட்டு பலராமன் அண்ணனுக்கு வயித்தக் கிழிச்சுத் தெச்சாங்க. மறு மாசம் சைக்கிள்ல போறாரு. நீ மனசு வெக்க மாட்ற. மில்லு மூடினப்பவும் இப்பிடித்தான் மூலையில படுத்துக்கின. அப்ப நான் திட்டலன்னா நீ எழுந்திருப்பியா?”

அது உண்மைதான். மில்லை மூடியபோது மாதக்கணக்கில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கிடந்தவரை அம்மாதான் திட்டித் திட்டி எழுப்பினாள். ஒரு நாள் அவருடைய பாயைச் சுருட்டித் தெருவில் போட்டாள். அன்றைக்குத்தான் அவர் வேலை தேடிப் போனார். அவள் வாழ்க்கையில் கண்ணால் கண்ட வைத்தியம் அது ஒன்றுதான். அதையே இப்போதும் செய்தாள். காலையில் வேலைக்குப் போகும்முன் அவரை எழுப்பி, தோளைப் பிடித்துச் சந்து முனை வரை நடக்க வைத்தாள். அவர் நடந்தார். திரும்பி வரும்போது சட்டை முதுகோடு ஒட்டியிருக்கும். உதட்டைக் கடித்துக்கொண்டிருப்பார். துர்கா வாசலில் நின்று பார்ப்பாள். ஒவ்வொரு நாளும், இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பாள். ஆனால் திரும்பி வரும் அம்மாவின் முகத்தில், நேற்றைவிட இன்று நன்றாக நடந்தார் என்ற நிறைவு இருக்கும்.

அம்மா வேலைக்குப் போயிருந்த ஒரு மத்தியானம். துர்கா ஆபீசுக்கு லீவு போட்டிருந்தாள். அப்பா அவளைக் கூப்பிட்டுப் புத்தகத்தை எடுத்துவரச் சொன்னார்.

“வேணாம்ப்பா. இப்ப எதுக்கு.”

“பரிச்ச வருதுல்ல. எடுத்துக்கினு வா.”

தலையணையை முட்டுக்கொடுத்து அவரைச் சாய்த்து உட்கார வைத்தாள். புத்தகத்தைப் பிடிக்கக் கையில் வலுவில்லாமல் மடியில் வைத்துக்கொண்டார். “பிடிவாதம்,” என்றார். அவள் சொன்னாள். “சிறிது காலமே நிலைக்கிற.” அதையும் சொன்னாள். அவர் குரல் எங்கோ தூரத்திலிருந்து வருவது போலிருந்தது. பிறகு புத்தகத்தை மூடினார். அதைப் பார்க்காமலே கேட்டார்.

“நோயைத் தீர்க்காமல் நோவை மட்டும் தணிக்கிற.”

தெருவில் யாரோ பழைய பேப்பர் கேட்டுக் கூவிக்கொண்டு போனார்கள். அந்தக் குரல் சந்து முனையைத் தாண்டிப் போயிற்று.

“வரலையா?”

“வருதுப்பா.”

“வரணும். எத்தினி தடவ கேட்டிருக்கேன்.” அவர் கண்ணை மூடிக்கொண்டார். “அந்த டாக்டர் சொன்னப்ப நானும் கேட்டுக்கினுதான் இருந்தேன். அட, நம்ம வார்த்தையாச்சேன்னு பாத்தேன். ஒரு நிமிசம் கெத்தாகூட இருந்துச்சு.”

துர்கா அவர் காலைப் பிடித்துக்கொண்டாள். கால் வீங்கியிருந்தது. விரல் பட்ட இடம் குழிந்து, குழி அப்படியே நின்றது.

“அம்மாகிட்ட சொல்லிடறேம்ப்பா. உன்ன போட்டு இழுத்துக்கினு நடக்குது. என்னால பாக்க முடியல.”

“சொல்லாத.”

“ஏம்ப்பா?”

அவர் கண்ணைத் திறக்கவில்லை. தூங்கிவிட்டார் என்று அவள் நினைத்தபோது சொன்னார். “சொன்னா அழுவா. அவ அழுது நான் பாத்ததில்ல. அவ அழுதா எனக்குப் பயமாயிடும். திட்டட்டும். திட்டினா எப்பவும் போல இருக்குது.”

அவள் சொல்லவில்லை. தேர்வு நாள் வந்தது. சென்னையில் மையம். விடியற்காலை பஸ் பிடித்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் அவள் அப்பாவின் வாந்தியைக் கிண்ணத்தில் பிடித்துக்கொண்டிருந்தாள். சாயங்காலம்தான் அப்பாவுக்கு நாள் ஞாபகம் வந்தது. கேட்க வாயெடுத்து, அவள் முகத்தைப் பார்த்ததும் விட்டுவிட்டார்.

அவர் விழுந்தது அதற்கடுத்த வாரம். சந்து முனைக் குழாயடியில் கால் மடங்கி அப்படியே சரிந்தார். அம்மாவால் தாங்கிப் பிடிக்க முடியவில்லை. தண்ணீர் பிடிக்க நின்றிருந்த பெண்கள் குடத்தை விட்டுவிட்டு ஓடிவந்து தூக்கினார்கள். நெற்றியில் தோல் உரிந்து ரத்தம் வந்தது. அம்மா முந்தானையால் அதை அழுத்திப் பிடித்தாள். பிடித்தபடியே கத்தினாள்.

“வேணும்னே பண்றியா நீ? ஊரே வேடிக்க பாக்கட்டும்னு பண்றியா? உனக்கு வாழணும்னு எண்ணமே இல்ல.”

வீட்டுக்குள் கொண்டுவந்து படுக்கவைத்த பிறகும் அவள் நிறுத்தவில்லை. துர்கா அவள் கையைப் பிடித்துப் பின்கட்டுக்கு இழுத்துக்கொண்டு போனாள். துவைக்கிற கல்லின் அருகில் நிறுத்திச் சொன்னாள். ஆங்கிலச் சொல் எதுவும் அதில் வரவில்லை. “அப்பாவுக்குச் சரியாவாதும்மா. அவங்களால ஒண்ணும் பண்ண முடியலன்னுதான் அனுப்பினாங்க.”

அம்மா கல்லின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

“எப்பத் தெரியும் உனக்கு?”

“அன்னிக்கே.”

“அன்னிக்கே,” என்றாள் அம்மா. கல்லில் பட்ட ஈரம் போகக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே இருந்தாள். கை எப்போதோ காய்ந்துவிட்டிருந்தது. “நான் கேட்டேன்ல உன்ன. கேட்டேன்ல. படிச்ச பொண்ணு பக்கத்துல இருக்குதுன்னுதான கேட்டேன். அந்த மனுசன நான் தெருவுல இழுத்துக்கினு போனேனே. நாக்கு கூசாம என்னென்ன பேசினேன். அதையெல்லாம் இப்ப நான் எங்க கொண்டுபோய்க் கொட்றது?”

 அப்பாவுக்கும் தெரியும் என்பதை துர்கா சொல்லவில்லை. அதையும் சேர்த்து இவள் தலையில் வைக்க முடியாது என்று தோன்றியது.

அன்றிலிருந்து வீட்டில் சத்தம் அடங்கிப்போனது. அம்மா வேலைக்குப் போவதை நிறுத்தினாள். அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து, கஞ்சியை ஆற்றி ஆற்றி நீட்டினாள். “ஒரு வாய் குடிக்கிறியா? வேணாம்னா வேணாம், அப்புறமா குடி,” என்றாள். அவ்வளவு மெல்லிய குரல் அவளுக்கு உண்டு என்பதே துர்காவுக்குத் தெரியாது. தட்டுகளைக்கூடச் சத்தமில்லாமல் வைத்தாள்.

அப்பா கதவுப்பக்கம் நின்ற துர்காவைப் பார்த்தார். சொல்லிவிட்டாயா என்று கேட்கிற பார்வை. அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பினார். அன்று முழுக்க வாயைத் திறக்கவில்லை. மறுநாளும் அப்படித்தான். அம்மா கிண்ணத்தோடு உட்கார்ந்திருப்பாள். கஞ்சி ஆறி மேலே ஆடை படியும். எடுத்துக்கொண்டு போய்ச் சுடவைத்துக் கொண்டுவருவாள்.

மூன்றாம் நாள் காலையில் அவர் சுவரைப் பார்த்தபடியே பேசினார்.

“பார்வதி.”

“என்னாய்யா.”

“ஏன் இப்பிடி மெதுவா பேசுற? யாரோ வூட்ல படுத்துக்கினு இருக்கற மாதிரி கீது.”

அம்மா கிண்ணத்தைத் தரையில் வைத்தாள். முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள். பிறகு முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு கிண்ணத்தைத் திரும்ப எடுத்தாள்.

“பின்ன எப்பிடிப் பேசணும்?” என்றாள். குரல் முதலில் பிசிறியது. தொண்டையைச் செருமிக்கொண்டாள். “ரெண்டு நாளா ஒரு பருக்கை உள்ள போவல. நான் என்ன வேல வெட்டி இல்லாதவளா? சுடவெக்கறதும் தூக்கியாறதும்னு என் காலு ஓஞ்சி போச்சு. திரும்பு இப்பிடி. திரும்புன்றேன்ல.”

சத்தம் சந்து வரை கேட்டிருக்கும். பக்கத்து வீட்டு வசந்தா எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். அம்மாவின் கண்ணிலிருந்து நீர் மூக்கோரமாக இறங்கிக்கொண்டிருந்தது; அவள் அதைத் துடைக்கவில்லை, திட்டுவதையும் நிறுத்தவில்லை. கன்னியப்பன் மெல்லத் திரும்பினார். கண்ணைத் திறக்காமலே, குழந்தையைப் போல வாயை அகலமாகத் திறந்தார்.