சாட்சி அறை

"மறுபடியும் வழக்குப் போடுற உரிமையை வெச்சுக்கிட்டே வாபஸ் வாங்கலாம் சார். அதுதான் நல்லது" என்றார் வக்கீலம்மா, நீதிமன்ற வராந்தாவில் பேனாவை நீட்டியபடி.

தராசு பேனாவை வாங்கவில்லை. "அப்படி வாங்கினா அந்த ரூம்ல ஆள் புழங்கலாமா?"

"அதெப்படி சார்? நாளைக்கு வழக்குப் போட்டா அந்த ரூம்தானே சாட்சி. இப்ப இருக்கிற மாதிரியே இருக்கணும்."

"அப்போ அந்த உரிமை வேண்டாம். அடிச்சிடுங்க."

விசாரணை அடுத்த வாரம். ஜெயிப்பது உறுதி என்றிருந்த வழக்கு. வக்கீலம்மா அவர் முகத்தை ஒருமுறை பார்த்தார், பிறகு அந்த வரியின் மேல் கோடு கிழித்தார். தராசு கையெழுத்துப் போட்டார். கூப்பிட்டதும் உள்ளே போனார்கள். நீதிபதி, யாரும் மிரட்டினார்களா என்று கேட்டார். இல்லை என்றார். அவ்வளவுதான், மூன்று வருஷ வழக்கு முடிந்துபோனது.

எடை, அளவு ஆய்வாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். தராசு என்று பெயர் வைத்தவர்கள் கடைத்தெரு வியாபாரிகள். அதை வீட்டுக்குள் கொண்டுவந்தவள் மனைவி. அவளுக்காகத்தான் வீட்டின் பின்பக்கம் அந்த அறையைக் கட்டச் சொன்னார். பெரிய ஜன்னல், சேர்ந்தாற்போல் குளியலறை. அவளுக்கு முட்டிவலி என்பதால் குளியலறைக்குப் படிகூட வைக்கவில்லை. காண்ட்ராக்டர் எல்லாம் செய்தார். தரைச் சரிவை மட்டும் தலைகீழாகச் செய்துவிட்டார். குளியலறைத் தண்ணீர் அறைக்குள் வந்தது. சுவரும் ஆறு மாதத்தில் வெடித்தது. உடைத்துவிட்டு மறுபடி போடுங்கள் என்றார் இவர். தரையெல்லாம் சரியாகத்தான் இருக்கிறது, உங்கள் கண்தான் கோணல் என்றார் காண்ட்ராக்டர். தராசைப் பார்த்துக் கோணல் என்று சொன்னால் விடுவாரா?

அன்று வழக்குப் போட்டுப் பூட்டிய அறை. பொறியாளர் ஒருவர் வந்து ஒவ்வொரு வெடிப்பின் மேலும், அது விரிந்தால் தெரியும்படி கண்ணாடிப் பட்டை ஒட்டி, சாக்பீஸால் நம்பர் போட்டார். காண்ட்ராக்டர் உள்ளே கால் வைக்கக் கூடாது என்று நோட்டீஸ் போனது. வீட்டுக்காரர்கள் குடியிருந்தாலோ, நீங்கள் புழங்கியதால் வந்த வெடிப்பு என்று எதிர்த்தரப்பு சொல்லிவிடும். அதனால் மனைவிக்கும் தடை. அவள் சண்டை போடவில்லை. வந்தவர்கள் புது அறையைப் பார்க்கக் கேட்டால், "அது கோர்ட்டுல சாட்சி சொல்லப் போகுது. அதுவரைக்கும் நாங்க பேச்சுக் குடுக்கக் கூடாதாம்" என்பாள்.

பிறகு அவள் படுத்த படுக்கையானாள். இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். கூடத்தில், தெருக்கதவுக்கு நேரே கட்டில். ஒவ்வொரு ஸ்கூட்டருக்கும் அவள் கண் இமை அதிர்ந்தது. நேற்று மகள் முகம் துடைத்துவிட்டு, ஏதாவது வேண்டுமா அம்மா என்று கேட்டாள். அவள் பார்வை பின்பக்கம் பூட்டிக்கிடந்த அறைப் பக்கம் போய்த் திரும்பியது. "எனக்கென்ன வேணும்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். விடிந்ததும் அவர் வக்கீலம்மா வீட்டு வாசலில் நின்றார்.

நீதிமன்றப் படியிறங்கும்போது, தன் வக்கீல் சொல்லி வந்திருந்த காண்ட்ராக்டர் பின்னாலேயே வந்தார். "என்ன சார், புதுசா ஏதாவது திட்டமா?"

"திட்டம் ஒண்ணுமில்லை. ரூம் வேணும்."

"யாருக்கு?"

"யாருக்குக் கட்டினீங்களோ, அவங்களுக்கு."

காண்ட்ராக்டரின் சிரிப்பு பாதியில் நின்றது. வேலை நடந்தபோது பதினோரு மணி ஆனால் கொத்துக்கரண்டியைக் கீழே வைக்கச் சொல்லி எல்லோருக்கும் டீ கொடுத்தவள் அவள். அம்மாவுக்கு என்ன என்று கேட்டார். பஸ் வந்துவிட்டது என்று இவர் நடந்துவிட்டார்.

வீட்டில் மகள் அறையைப் பெருக்கி வைத்திருந்தாள். பக்கத்து வீட்டுக்காரர் ஒரு கை பிடிக்க, அவளோடு சேர்த்துக் கட்டிலை உள்ளே கொண்டுபோனார்கள். கட்டிலின் ஒரு கால் தரையில் படாமல் ஆடியது. ஓட்டுச் சில்லு ஒன்றை முட்டுக்கொடுத்தார். ஜன்னல் துருவேறி இறுகியிருந்தது. நாலு தட்டுத் தட்டித் திறந்தார். எதிரே அடுத்த வீட்டு மாடி, கொடியில் துணி, மதில்மேல் ஒரு பூனை. அவள் வெகுநேரம் பார்த்தாள்.

"காத்து நல்லா வருதுங்க" என்றாள். பிறகு, "எங்கே அந்தத் தப்பு? காட்டுங்க."

அவர் சுவரைக் காட்டினார்.

"இதுவா? என் குதிகால் வெடிப்பு இதைவிடப் பெரிசு."

மகள் சிரிக்கத் தொடங்கி, அடக்கிக்கொண்டாள்.

"சுவர் கிடக்கட்டும். தரைதான் விஷயம்" என்று ஒரு சொம்புத் தண்ணீரோடு குளியலறை ஓரத்தில் போய் நின்றார். நீதிபதியிடம் சொல்ல எத்தனையோ நாள் மனசுக்குள் ஓட்டிப் பார்த்த பேச்சு அது. நிமிர்ந்து நின்று, எது சரிவு, அது எந்தப் பக்கம் இருக்க வேண்டும், ஒப்பந்தத்தில் என்ன சொன்னார்கள், கட்டியது என்ன என்று ஒன்றுவிடாமல் சொன்னார். சொல்லி முடித்துத் தண்ணீரை ஊற்றினார். அது கொஞ்சம் தயங்கியது. பிறகு வடிகாலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அறைக்குள் திரும்பி, கட்டிலுக்கு அடியில் போனது.

மகள் தோளைத் தாங்கித் தூக்க, அவள் எட்டிப் பார்த்தாள்.

"ஆமாங்க. நீங்க சொன்னதுதான் சரி."

பொறியாளர் சொல்லியிருக்கிறார், வக்கீலம்மா சொல்லியிருக்கிறார். வீட்டில் யாரும் அதுவரை சொன்னதில்லை. காலிச் சொம்போடு அப்படியே நின்றார்.

"துடைச்சிடுங்க. யாராவது வழுக்கி விழப்போறாங்க" என்றாள்.

துணியை எடுத்துக்கொண்டு கட்டிலுக்கு அடியில் குனிந்தார். மேலே மகள் தலையணையைச் சரிசெய்வது கேட்டது. அங்கிருந்து அவருக்கு மகளின் பாதங்கள் மட்டுமே தெரிந்தன. அவை ஒருமுறை கட்டிலை ஒட்டி நெருங்கி வந்தன. பிறகு அசையவில்லை.

"அப்பா" என்றாள் மகள், மெதுவாக.

மறுநாள் காலையில் நாற்காலிகள் வந்தன, ஆட்கள் வந்தார்கள். கூடத்தில் கிடத்தலாம், அங்கேதான் இடம் தாராளம் என்று சொந்தக்காரர் ஒருவர் சொன்னார். அவர் தலையாட்டி மறுத்துவிட்டார். வந்தவர்கள் எல்லோரும் பின்பக்கம்வரை நடந்து, அறைக்குள் போய்ப் பார்த்துவிட்டு வெளியே வந்தார்கள். அவர் அறைவாசலிலேயே நின்றார்.

வெயில் ஏறிய பிறகு காண்ட்ராக்டர் வந்தார். செருப்பைத் தெருவிலேயே விட்டுவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் கூடத்தைக் கடந்து வந்தவர், அறைவாசலுக்கு ஓரடி முன்னால் நின்றுவிட்டார். அவர் கண் முதலில் தரைக்குப் போனது. அங்கிருந்து கட்டிலுக்கு, கட்டிலின் காலுக்கு, அதன் கீழிருந்த ஓட்டுச் சில்லுக்கு.

"சார்…" என்று ஆரம்பித்தார்.

வழியை அடைத்துக்கொண்டு நிற்பது அப்போதுதான் தெரிந்ததுபோல, தராசு ஒதுங்கி நின்றார்.