கேட்டருகே நிற்காத ரயில்

ஸ்டேஷனை மூடப் போகிறார்கள் என்று தெரிந்ததும் ஊரே ரயில்வேயைத் திட்டித் தீர்த்தது. நர்சம்மா மட்டும் தன் புருஷனை முறைத்தாள்.

அவன்தான் கேட் கீப்பர். கேட்டை மூடினால்தான் சிக்னல் விழும். அந்த மகராசன் காலை ரயில் வரும்போது வேண்டுமென்றே தாமதமாக மூடுவான். ரயில் கேட்டருகே நிற்கும். டவுனில் வாங்கிய பாஸோடு ஊர் ஜனம் அங்கேயே தொற்றிக்கொள்ளும். வளைவுக்கு அந்தப் பக்கம், கூப்பிடு தூரத்தில், பிளாட்பாரம் ஈ ஓட்டிக்கொண்டிருக்கும். ஆளே ஏறாத ஸ்டேஷனை எவன் வைத்திருப்பான்?

ஸ்டேஷன் போனால் டவுன் ஆஸ்பத்திரி வேலையும் போச்சு. ராப்பகலாகப் படித்து வாங்கிய வேலை. அன்று ராத்திரி அவள் புருஷனைப் பிடித்துக்கொண்டாள்.

"நாளைக்கு ஸ்டேஷனைப் பாக்க ரயில்வே அதிகாரி வர்றாரு. கேட்டை நேரத்துக்கு மூடுங்க."

"அம்மாவுக்கு முட்டி வலி. வைத்தியத்துக்குப் போற மனுஷி, அவ்வளவு தூரம் எப்படி நடப்பாங்க?"

"அத்தைய முன்னாடியே கிளம்பச் சொல்லுங்க. இரக்கப்பட்டே என் பொழப்புல மண்ணை அள்ளிப் போட்டுராதீங்க."

பிளாட்பாரத்துக்கே வந்து ஏறுங்கள் என்று ஊருக்கும் சொல்லிப் பார்த்தாள். தலையை ஆட்டினார்களே தவிர, யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மறுநாள் கேட் நேரத்துக்கு இறங்கியது. வழக்கம்போல் அங்கே காத்திருந்தவர்கள் வாயைப் பிளந்து நிற்க, ரயில் அவர்களைத் தாண்டிப் போய்விட்டது.

பிளாட்பாரத்தில் நர்சம்மா ஒருத்திதான்.

"இதுக்கு ஒரு ஸ்டேஷனா?" என்றார் அதிகாரி.

ரயில் வந்து நின்றது. அதன் பின்னாலேயே, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, கேட் கீப்பரின் பரம்பரையையே திட்டியபடி ஊர் ஓடி வந்தது. கார்டு கொடியைத் தூக்கினார். அவள் ஒரு காலைப் படியிலும் மறு காலைப் பிளாட்பாரத்திலும் ஊன்றி நின்றாள்.

"ஏறும்மா, வண்டி கிளம்பணும்."

"ஏறிக்கிட்டுத்தாங்க இருக்கேன்."

கார்டு கத்திப் பார்த்தார். அவள் அசையவில்லை. கடைசியாக மாமியார் மூச்சிரைக்க வந்து, அவள் கையைப் பிடித்து ஏறினாள்.

அதிகாரி ஜன்னலருகே வந்தார். "இந்தக் கூட்டம் இன்னைக்கு மட்டுந்தானா?"

நர்சம்மா வாயெடுப்பதற்குள் மாமியார் முந்திக்கொண்டாள்.

"எங்க வீட்டுப் பிடிவாதக்காரி விட்டாத்தானேங்க? இனிமே தினமும் இதே பாடுதான்."

"அப்ப நாளைக்கும் வந்து பாக்கறேன்."

ரயில் நகர்ந்தது. மாமியார் முட்டியைத் தடவிக்கொண்டே மருமகளைப் பார்த்தாள்.

"நாளைக்கு என்னைச் சீக்கிரம் எழுப்பி விடு."