கின்ராஸ் வீட்டுச் சிவப்புத் தோணி

ஏரியில் பனிக்கட்டி உடைந்து விலகிய பத்தாம் நாள் தோணியில் புறப்பட்டு, ஆளில்லாத் தீவில் மூன்று இரவு கூடாரமடித்துத் திரும்புவது கின்ராஸ் குடும்பத்தின் வழக்கம். குடும்பத்தின் மூத்தவர் ஒருவர், துணைக்கு இன்னொருவர், அவ்வளவுதான். எழுபத்தோரு வசந்தங்களாக இது தவறவில்லை. அந்த எழுபத்தொன்றிலும் ஒரு கின்ராஸ்கூட அந்த ஏரியில் பிறத்தியாரிடம் உதவி பெற்றதில்லை. ஒண்டாரியோவின் வடகோடியில் இதற்கெல்லாம் பதக்கம் கொடுப்பதில்லை. லாக்லன் கின்ராஸும் பதக்கத்துக்கு ஏங்குபவர் அல்ல. நாலு பேர் அறிந்திருந்தால் போதும் என்பவர். அறியாதவர்களுக்கு அவரே சொல்லிவிடுவார்.

தீவுக்கு வந்த மறுநாள் காலை அவர்தான் முதலில் எழுந்து கரைக்கு வந்தார். பாறை இருந்தது. அதன்மேல் கவிழ்த்து வைத்திருந்த தோணி இல்லை.

ஏரியின் தென்கரைக்குக் கார் போகும் சாலை வந்து நாற்பது ஆண்டுகள் ஆகின்றன. கின்ராஸ்கள் அதை இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. அவர்கள் வடக்கே வேறோர் ஏரியில் தொடங்கி, நடுவில் ஒரு மைல் காட்டுப்பாதையில் தோணியையும் மூட்டைகளையும் சுமந்து வருவார்கள். அதுவும் ஒரே நடையில். இரண்டாம் நடை நகரத்து ஆட்களுக்கு. அதற்காகப் பாரம் குறைக்க, தங்கை மோராக் எடுத்து வைத்த இரண்டாவது கயிற்றை லாக்லன் வீட்டிலேயே விட்டுவிட்டார். இருந்த ஒரே கயிற்றில் உணவு மூட்டையைக் கரடிக்கு எட்டாமல் மரத்தில் தொங்கவிட்டார். தோணியைக் கட்ட எதுவும் மிஞ்சவில்லை. விடியலில் காற்று எழுந்திருக்கிறது.

"தோணி எங்க?" என்று கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தாள் மோராக்.

"தென்பக்கம்."

"தென்பக்கம்னா எங்க?"

"காத்து அடிக்கிற பக்கம்."

அவளுக்கு அறுபத்தாறு, அவருக்கு எழுபது. இந்த வயதில் அண்ணனை அடிக்க முடியாது என்பதால் அவள் பாறையில் உட்கார்ந்தாள்.

"தலப்பாடா அடிச்சுக்கிட்டேனே, கயித்த எடுத்துக்கன்னு. கேட்டியா?"

"சாப்பாடு பத்திரமா இருக்கில்ல?"

"இருக்கு. தின்னுட்டு நீந்திப் போவோம். இந்தத் தண்ணியில அஞ்சு நிமிஷத்துல வெறச்சுப் போனாலும் வயிறு நெறஞ்சிருக்கும் பாரு."

கருப்பு ஈக்கள் காதுமடலைத் தேடிக் கடித்தன. லாக்லன் அவற்றை விரட்டிக்கொண்டிருந்தபோது மோட்டார் சத்தம் கேட்டது.

ஓர்வில் ஸ்னெல். தென்கரையில் குடியேறி நாற்பது ஆண்டுதான் ஆகிறது என்பதால் லாக்லனுக்கு அவர் புது ஆள். அவருடைய மோட்டார் படகின் பின்னால், கட்டி இழுத்து வரப்பட்ட கன்றுக்குட்டிபோல் சிவப்புத் தோணி ஆடிக்கொண்டு வந்தது.

"மன்னிக்கணும் மிஸ்டர் கின்ராஸ், காலங்காத்தால தொந்தரவு பண்றேன். இது உங்க தோணிதானே? நாணல்ல சிக்கிக் கெடந்துது."

அது தாத்தாவின் தோணி, மரச்சட்டத்தின்மேல் கித்தான் துணி போர்த்தியது. முப்பது குளிர்காலங்களாக லாக்லனே சுரண்டிச் சாயம் பூசியது. வாங்கிக்கொண்டால் உதவி பெற்றதாகிவிடும், அதுவும் மோட்டார்காரரிடம்.

"எங்களுது இல்ல," என்றார்.

மோராக் வாயைத் திறந்தாள். ஓர் ஈ உள்ளே போனது. அவள் இருமி முடிப்பதற்குள் காரியம் கைமீறிவிட்டது.

"அப்படிங்களா? மன்னிச்சுக்கங்க. இதே மாதிரி இருந்துது."

"மாதிரி இருக்கும்."

"நீங்க வந்த தோணி?"

"பத்திரமா இருக்கு."

ஸ்னெல் வெறுங்கரையைப் பார்த்தார். பெரியவர் சொல்லை முகத்துக்கு நேரே மறுப்பது அவர் வளர்ப்பில் இல்லை. பின்கழுத்தைச் சொறிந்துகொண்டார்.

"அப்ப இதத் தென்கரை ரேஞ்சர் ஆபீஸ்ல ஒப்படைக்கணும். இன்னும் இழுத்துக்கிட்டே போனா பாறையில மோதிக் கிழிஞ்சுடும். எனக்குத் துடுப்புப் போடத் தெரியாது. நீங்க ரெண்டு பேரும் மனசு வெச்சா..."

லாக்லன் நிமிர்ந்தார். உதவி பெறுவது வேறு, செய்வது வேறு. "கேட்டுட்டீங்க. கின்ராஸ் வீட்டுல இல்லன்னு சொல்ற பழக்கம் கெடையாது."

"ரொம்பப் பெரிய மனசு," என்று கூடாரத்தைச் சுருட்டப் போனாள் மோராக்.

இரண்டு மணி நேரம் துடுப்புப் போட்டார்கள். ஸ்னெல் துணைக்கு ஆள் கிடைத்தவர்போல் பின்னால் மெதுவாக வந்தார்.

"இப்பவாவது நம்ம தோணின்னு சொல்லித் தொலையேன்."

"வார்த்த குடுத்தாச்சு."

"பொய்யக் குடுத்த."

"தாத்தாவா இருந்தாலும் இதான் சொல்லியிருப்பாரு."

"தாத்தாவா இருந்தா ரெண்டு கயிறு கொண்டுவந்திருப்பாரு."

அலுவலகப் பெண் படிவத்தை எடுத்தாள். "யாரோட தோணி?"

ஸ்னெல் லாக்லனைக் கெஞ்சுவதுபோல் பார்த்தார். கரையில் மீன் பிடிக்க வந்த மூவர் பார்த்தார்கள்.

"தெரியாது," என்றார் லாக்லன்.

"முப்பது நாள்ல யாரும் கேக்கலன்னா, கண்டெடுத்தவருக்கு."

"ஐயோ, எனக்கு வேணாம்மா!" என்றார் ஸ்னெல்.

"ரூல் அதுதான் சார்."

மோராக் ஓரடி முன்னே வந்தாள். அண்ணனின் முகத்தைப் பார்த்தாள். உதடு நடுங்கியது, தாடை மட்டும் அசையவில்லை. அவள் வந்த அடியைப் பின்வாங்கினாள்.

அலுவலக ஆட்கள் இரண்டு பேர் தோணியைத் தூக்கிக் கரைச் சரளைமேல் வைத்தார்கள்.

"வெயில்ல போடாதீங்கப்பா, கித்தான் வெடிச்சுடும்," என்றார் லாக்லன். "இடப்பக்கம் மூணாவது விலாவுல பாரம் விழாமப் பாத்துக்கங்க. அது கொஞ்சம் பழசு."

"இந்தத் தோணி உங்களுக்குப் பழக்கமா சார்?" என்றாள் அலுவலகப் பெண்.

"நல்ல சாமான்னா பாத்தாலே தெரியும்."

சாலையோரம் நிறுத்தியிருந்த தன் காரருகே ஸ்னெல் தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்றார். "வீடு அம்பது கிலோமீட்டர் இருக்குமே. கார்ல விட்டுடட்டுமா?"

"நடக்கணும்னுதான் இருந்தோம்," என்று மூட்டையை முதுகில் ஏற்றினார் லாக்லன். "என்ன மோராக்?"

மோராக் ஸ்னெல்லின் காரில் முன்னிருக்கையில் ஏறி, கதவைச் சாத்திக்கொண்டிருந்தாள்.