நவம்பர் பக்கம்

சென்ற ஆண்டு நவம்பர் ஒன்பதாம் தேதி, காலை ஆறு மணி பன்னிரண்டு நிமிடத்துக்கு, கிராமத்தின் வடக்கு எல்லையில் உள்ள குடிநீர்த் தொட்டியின் மேல்தளத்திலிருந்து அந்தப் படம் எடுக்கப்பட்டது. அப்போது வயல்களின் குறுக்கே ஒரு மண்பாதை இருந்தது. அச்சான படத்தில் அது இல்லை.

எடுத்தவள் புகைப்படக் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு மாணவி. இறுதியாண்டு வேலையாகப் பன்னிரண்டு நிலக்காட்சிகள் தர வேண்டும். நகரத்தில் ஆறு, கிராமத்தில் ஆறு. நகரத்துக்காக அவள் அலைய வேண்டியிருக்கவில்லை. விடுதி வாசலில் நின்றாலே போதும், நகரம் தானாக வந்து முன்னால் நிற்கும். தொங்கும் கம்பிகள், பாதி கிழிந்த சுவரொட்டி, தண்ணீர் லாரியின் பின்னால் கட்டியிருந்த ஒற்றைச் செருப்பு என்று எதையும் அவள் நீக்கியதில்லை. அந்த நெரிசல்தான் படம் என்று அவளுக்குத் தெரியும். கிராமத்துக்குச் சித்தி வீடு இருந்தது. சித்தியும் சித்தப்பாவும் தக்காளி, மிளகாய், கத்தரி நாற்றுகளைத் தட்டுத் தட்டாக வளர்த்து விற்கிறவர்கள். கிராமம் என்றால் அமைதி என்று அவளுக்கு யாரும் பாடம் எடுக்கவில்லை. ஆனால் அன்று தொட்டியின் இரும்பு ஏணியில் ஏறும்போதே அந்த எண்ணம் கேமராவோடு சேர்ந்து கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

மூடுபனி அன்று சொன்னபடி கேட்டது. வயல்கள் ஒன்றன் பின் ஒன்றாகப் பாலில் நனைத்த துணிபோலக் கிடந்தன. படத்தைத் துறைப் பேராசிரியரிடம் காட்டினாள். எந்தப் படத்தைக் கொடுத்தாலும் “ஓரத்தைப் பாரு” என்பதால் அவருக்கு மாணவர்கள் வைத்த பெயர் ஓரம் சார். அவர் நெடுநேரம் பார்த்துவிட்டு, சித்தியின் நாற்றுக் கொட்டகையிலிருந்து சாய்வாக ஏறி வலது ஓரத்தில் மறைந்த பாதையைப் பேனா மூடியால் தொட்டார். “கண்ணு இதுல ஏறி வழுக்கிட்டு வெளிய போயிடுதும்மா,” என்றார். வலது பக்கத்தை வெட்டலாம். வெட்டினால் பனியின் நல்ல பாதியும் போய்விடும். அவள் பாதையை அழித்தாள். பக்கத்து வயலின் பசுமையைத் துண்டு துண்டாக எடுத்து அதன்மேல் பரப்பினாள். இருபது நிமிட வேலை. கடைசியில், பாதை இருந்த இடத்தின் நடுவே ஒரு வெளிச்சப் புள்ளி மிஞ்சியிருந்தது. கேமராவுக்குள் ஒட்டிய தூசி என்று நினைத்து அதையும் துடைத்தாள்.

ஒரு விதை நிறுவனம் நடத்திய மாணவர் போட்டியில் அந்தப் படம் முதலிடம் பெற்றது. நிறுவனத்தின் காலண்டரில் நவம்பர் பக்கம் அதற்குக் கிடைத்தது. படத்தின் கீழே ஊர், தேதி, நேரம் எல்லாம் அச்சிட்டிருந்தார்கள். பரிசோடு, ஒரு நாளிதழின் புகைப்படப் பிரிவில் ஆறு மாதப் பயிற்சி இடமும் உண்டு, ஜூலையில் சேர வேண்டும். பள்ளியில் படித்த காலத்திலிருந்தே அவள் கேட்டுக்கொண்டிருந்தது அந்த ஓர் இடத்தைத்தான். போட்டி விதிகளில் ஏழாவது, படத்தில் எதையும் சேர்க்கவோ நீக்கவோ கூடாது என்பது. அதற்கு நேரே இருந்த கட்டத்தில் அவள் டிக் செய்திருந்தாள்.

மே மாதத்தில் ஒரு நாள் மாலை, பேருந்து நிலையத்துக்கு எதிரே நடைமேம்பாலத்தில் அவள் நின்றுகொண்டிருந்தாள். பன்னிரண்டில் பதினொன்று முடிந்திருந்தது. கடைசிப் படத்துக்காக, ஏழு பேருந்துகளும் ஒரே நேரத்தில் திரும்பும் கணத்துக்காகக் காத்திருந்தபோது சித்தியின் அழைப்பு வந்தது.

“போட்டோக்காரி, ஒரு சந்தேகம். தொட்டி மேலேர்ந்து பார்த்தா நம்ம பாதை தெரியாதா?”

“ஏன் சித்தி?”

விஷயத்தில் பாதி அவளுக்கு ஏற்கெனவே தெரியும். கொட்டகைக்கும் தார்ச்சாலைக்கும் நடுவே இருக்கும் நிலத்தை ஜனவரியில் ஒருவர் கிடங்கு கட்ட வாங்கினார். மார்ச்சில் கம்பிவேலி போட்டார். உள்ளே உழுதும் விட்டார். பாதை இருபத்திரண்டு வருடமாக மண்ணில் இருந்ததே தவிர வரைபடத்தில் இல்லை. இப்போது சித்தப்பாவின் வண்டி கால்வாய்க்கரையில் நாலு கிலோமீட்டர் சுற்றிப் போகிறது. மழை வந்தால் அந்த வழியும் கிடையாது. சித்தி நில அளவை அலுவலகத்தில் மனு கொடுத்திருந்தாள்.

“இன்னிக்கு சர்வேயர் அம்மா வந்தாங்க,” என்றாள் சித்தி. “கிடங்குக்காரர் உன் காலண்டரைக் கொண்டாந்து நீட்டினார். தேதி போட்டிருக்கு, பாதை எங்கம்மான்னு கேட்டார். நானும் அதைப் பத்து தடவை பார்த்திருக்கேன், வர்றவங்க போறவங்களுக்கெல்லாம் காட்டியிருக்கேன். அழகா இருக்கான்னுதான் பார்த்தேன், பாதை இருக்கான்னு யாரு பார்த்தா. ஒரு நிமிஷம், இல்லாத பாதையிலயா இத்தனை வருஷமா வண்டி விட்டோம்னு எனக்கே ஆயிடுச்சு.”

கீழே பேருந்துகள் திரும்பின. எத்தனை என்று அவள் எண்ணவில்லை.

“பாதை தெரியும் சித்தி. நான்தான் எடுத்தேன்.”

“நீ எடுத்தேன்னு ஊருக்கே தெரியும். நான் பாதையைக் கேக்கறேன்.”

“அதைத்தான் சொல்றேன். பாதையை எடுத்துட்டேன். கம்ப்யூட்டர்ல.”

சித்தியின் பக்கத்தில் தண்ணீர்க்குழாய் பீய்ச்சும் சத்தம் நின்றது.

“எதுக்கு?”

“படம் நல்லா வர்றதுக்கு.”

“வந்துதா?”

“வந்துது.”

“சரி,” என்றாள் சித்தி. கோபம் இல்லாத குரல். நாற்றுத் தட்டில் ஒரு வரிசை பட்டுப்போனால் எப்படிச் சொல்வாளோ அப்படி. “எடுக்கத் தெரிஞ்சவளுக்குத் திரும்ப வைக்கத் தெரியாதா? வச்சுடு.”

மறுநாள் காலை ஆய்வகம் திறந்ததும் மூலக் கோப்பைத் திறந்தாள். பாதை இருந்தது. கம்பிபோல மெலிந்து, பனிக்குள் போய், மறுபடி வெளியே வந்து, வலது ஓரத்தில் நழுவியது. நடுவே அந்த வெளிச்சப் புள்ளி. இரண்டு மடங்கு பெரிதாக்கினாள், நான்கு மடங்கு, எட்டு மடங்கு. தூசி, எரியும் முகப்பு விளக்காக மாறியது. விளக்குக்குப் பின்னால் மூன்று சக்கர வண்டி, அதன் முதுகில் அடுக்கிய தட்டுகள், தட்டுகளுக்கு முன்னால் கழுத்தில் துண்டு சுற்றிய ஒரு தலை. சித்தப்பா சந்தைக்குப் புறப்பட்டிருந்த நேரம். முந்தைய நாள் சாப்பிடும்போது அவர்தான் சொல்லியிருந்தார், மேலே ஏணியில் நாலாவது படி ஆட்டம் காணும், பார்த்து ஏறு என்று. அவள் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி, கொஞ்ச நேரம் திரையிலிருந்து தள்ளி நின்று பார்த்தாள். தள்ளி நின்றால் அது மறுபடி தூசிதான்.

ஓரம் சார் கோப்பைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

“நீங்கதான் சார் கண்ணு வெளிய போகுதுன்னு சொன்னீங்க.”

“போகுதுன்னு சொன்னேன். போகக் கூடாதுன்னா சொன்னேன்?”

இருவரும் சிரித்திருக்கலாம். சிரிக்கவில்லை. படத்தோடு போட்டிக்குப் போன பரிந்துரைக் கடிதத்தில் அவருடைய கையெழுத்தும் இருந்தது. அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். “அன்னிக்குக் காலையில வேற படங்களும் எடுத்திருப்பே. அதுல பாதை இருக்கிறதா ஒண்ணு பார்த்துக் குடுத்துடு. காலண்டரைப் பத்தி நீ ஏன் வாயைத் திறக்கணும்? அவங்க கேக்கறது பாதைக்கு ஆதாரம். குடுத்தாச்சு. உன் ஜூலையும் தப்பிக்கும்.”

அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. அன்று முப்பத்தொரு படங்கள் எடுத்திருந்தாள். ஒன்பதில் பாதை தெளிவாகத் தெரிந்தது. அம்மாவுக்கு ஃபோன் செய்து அதையே சொன்னாள். அம்மா எப்போதும்போல முழுதும் கேட்டாள். “உன் வேலை, உன் இஷ்டம். நான் ஒண்ணும் சொல்லலை,” என்றாள். வைப்பதற்கு முன்னால், “என் தங்கச்சி வீட்டுக்கு இனிமே நான் எந்த வழியா போறதுன்னு மட்டும் கேட்டுச் சொல்லு,” என்றாள்.

அடுத்த வாரம் நில அளவை அலுவலகத்தில் எல்லோரும் கூடினார்கள். சிறிய அறை, மின்விசிறிக் காற்றில் பறக்காமலிருக்க வரைபடங்களின்மேல் கல் வைத்திருந்தார்கள். சர்வேயர் ஐம்பது வயதுப் பெண்மணி, வெயிலில் கறுத்த கைகள், மேசையோரம் குடை. கிடங்குக்காரர் வெள்ளைச் சட்டையில் அடக்கமாக உட்கார்ந்திருந்தார். மாணவியைப் பார்த்ததும் எழுந்து, “படம் ரொம்பப் பிரமாதம்மா,” என்றார். அதில் கிண்டல் இல்லை. “நான் எதையும் உருவாக்கலை. உரக்கடையில தொங்கினதைக் கேட்டு வாங்கிட்டு வந்தேன். வேலி போட்டு உழுத பிறகுதான் நிலத்தையே நேர்ல பார்த்தேன். வித்தவரும் பாதை இல்லைன்னுதான் சொன்னார், இதுலயும் இல்லை. போட்டோ பொய் சொல்லாதுன்னு நினைச்சேன்.”

மாணவி முதலில், தேதியும் நேரமும் அச்சிட்ட அந்த ஒன்பது படங்களை வைத்தாள். சர்வேயர் ஒன்றை எடுத்துக் காலண்டர் பக்கத்தோடு சேர்த்து வைத்து, ஸ்கேலின் நுனியால் ஒவ்வொரு வயலாகத் தொட்டுக்கொண்டே போனார். ஸ்கேல் ஓரிடத்தில் நின்றது.

“அதே நாள், அதே பனி. அஞ்சு நிமிஷம்தான் வித்தியாசம். ஒண்ணுல பாதை இருக்கு, ஒண்ணுல இல்லை. ரெண்டுல ஒண்ணு பொய். எதுன்னு நான் எப்படிம்மா எழுதறது?”

சித்தி மடியில் இருந்த பையின் வாரை முறுக்கிக்கொண்டிருந்தாள். அவள் மாணவியைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பதில் கவனமாக இருந்தாள். பயிற்சி இடத்தைப் பற்றி அம்மா அவளிடம் சொல்லியிருப்பாள் என்று அப்போதுதான் மாணவிக்குப் புரிந்தது. வச்சுடு என்ற சொல் அதன் பிறகு சித்தியின் வாயிலிருந்து ஒருமுறைகூட வந்திருக்கவில்லை.

மாணவி தன் பையிலிருந்து மூலப் படத்தின் பெரிய பிரதியை எடுத்துக் காலண்டரின் மேல் வைத்தாள். “காலண்டர்ல இருக்கிறதுதான் பொய் மேடம். பாதையை நான்தான் எடுத்தேன்.”

“எழுதிக் குடுப்பீங்களா?”

“குடுக்கறேன்.”

சர்வேயர் வெள்ளைத்தாளையும் பேனாவையும் தள்ளினார். அவள் எழுதத் தொடங்கியதும் எட்டிப் பார்த்து, “‘எடுத்தேன்’னு போடாதீங்க, குழப்பம் வரும். ‘அகற்றினேன்’னு போடுங்க,” என்றார்.

மேற்படி படத்திலிருந்து மண்பாதையையும், அதில் சென்றுகொண்டிருந்த ஒரு வாகனத்தையும், அதை ஓட்டியவரையும் நானே கணினியில் அகற்றினேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். சித்தப்பா தாளை வாங்கி, கண்ணுக்கு எட்டத்தில் பிடித்துப் படித்தார். பிறகு பிரதியில் இருந்த வண்டியை உற்றுப் பார்த்தார்.

“என்னை அகற்றினது போகட்டும் பாப்பா. வண்டிக்கு அதுக்கு முந்தின நாள்தான் புது பெயிண்ட் அடிச்சிருந்தேன். அதையுமா?”

முதலில் சிரித்தவர் கிடங்குக்காரர்தான். அதன் பிறகு அறையில் இருந்த எல்லோரும் வரைபடத்தைப் பார்த்தார்கள்.

அன்று மாலை, விடுதிக்குத் திரும்பும் பேருந்திலேயே, அவள் போட்டிக் குழுவுக்கும் நாளிதழுக்கும் அந்தத் தாளின் நகலை அனுப்பினாள். ஓரம் சாருக்கும் ஒன்று.

ஜூன் இறுதியில் நாளிதழிலிருந்து இரண்டு வரிப் பதில் வந்தது. முதல் வரி அவளுடைய நேர்மையைப் பாராட்டியது. இரண்டாம் வரி, பயிற்சி இடம் வேறொருவருக்கு வழங்கப்பட்டதாகத் தெரிவித்தது. போட்டியின் இணையப் பக்கத்தில் இரண்டாமிடம் முதலிடமானது. கல்லூரிக் கண்காட்சியில் மூலப் படம் பாதையோடும் விளக்கோடும் தொங்கியது; பக்கத்தில் ஐந்து பேருந்துகள் மட்டும் திரும்பும் படம். ஓரம் சார் இரண்டின் வலது ஓரத்தையும் பார்த்துவிட்டு நூற்றுக்கு அறுபத்தொன்று போட்டார். சர்வேயர் தன் வரைபடத்தில் பாதையைப் புள்ளிக்கோடாகப் போட்டு, ‘பயன்பாட்டில் இருந்தது, விசாரணை நிலுவையில்’ என்று குறித்தார். கிடங்குக்காரர் விசாரணை முடியும்வரை வேலியில் வண்டி போகும் அகலத்துக்கு ஒரு கதவு வைத்துக்கொடுத்தார். காலை ஐந்து முதல் மாலை ஆறுவரை அது திறந்திருக்கும்.

செப்டம்பரில் அவள் சித்தி வீட்டுக்குப் போனபோது அந்தக் கதவு வழியாகத்தான் போனாள். கொட்டகையில் யாரும் இல்லை. நாற்றுத் தட்டுகளுக்கு மேலே, ஆணியில், அவள் ஜனவரியில் கொடுத்த காலண்டர் நவம்பர் பக்கத்தைக் காட்டிக்கொண்டு தொங்கியது. மற்ற மாதங்களைப் பின்னால் மடித்துவிட்டிருந்தார்கள். பனியின் குறுக்கே யாரோ நீலப் பந்துமுனைப் பேனாவால் ஒரு கோடு இழுத்திருந்தார்கள். கொட்டகையில் தொடங்கி, சாய்வாக ஏறி, வலது ஓரத்தில் தாளைத் தாண்டி, சுவரின் சுண்ணாம்பில் ஒரு விரற்கடை தூரம் போயிருந்தது.